காட்டுப்பன்றிக்கு அவுட்டுக்காய் வைக்கலாமா? கொல்வது வேறு, வதைப்பது வேறு

கேள்வி: ஈரோடு மாவட்டம், அந்தியூர் பக்கம். காப்புக்காட்டு எல்லையிலிருந்து சுமார் 2 கி.மீ. தள்ளி எங்கள் தோட்டம். 2 ஏக்கர் நிலக்கடலை, ஒன்றரை ஏக்கர் மக்காச்சோளம். கடலை காய் பிடித்ததிலிருந்து காட்டுப்பன்றிக் கூட்டம் ராத்திரியில் வந்து கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. அவுட்டுக்காய் (தின்பண்டத்துக்குள் மறைத்த வெடி) வை என்கிறார்கள் சிலர். மோட்டார் லைனிலிருந்து ராத்திரி மட்டும் கம்பிக்குக் கரண்ட் கொடு என்கிறார்கள் சிலர். என் மகள் அது பாவம் என்கிறாள். ஆடு, கோழி அறுத்துச் சாப்பிடுகிற நாம், பயிரை அழிக்கிற பன்றியைக் கொன்றால் மட்டும் பாவமா? எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

பதில்: ஐயா, கேள்வியில் நியாயம் இருக்கிறது. கறி சாப்பிடும் ஊரில் பன்றியின் உயிரை மட்டும் தனியாகப் புனிதமாக்கிப் பேச முடியாது. விளைந்த பயிரை இழப்பவருக்கு அதைத் தடுக்க உரிமை உண்டு; தேவைப்பட்டால் விலங்கைக் கொல்வதும் தவறில்லை என்றே சொல்வோம். ஆனால் உங்கள் மகள் சொல்வதும் சரி. ஊரார் சொல்லிக் கொடுக்கும் வழிகள் கொல்வதற்கான வழிகளே அல்ல. அவை விலங்கை நாள்கணக்கில் வதைப்பவை, பயிரையும் காப்பாற்றாதவை.

ஆட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கூரான கத்தியால் கழுத்தின் ரத்தக்குழாய்களைச் சரியாக அறுத்தால் கொஞ்ச நேரத்தில் ஆட்டுக்கு நினைவு தப்பிவிடுகிறது. இறைச்சிக்கூடங்களுக்கான 2001-ஆம் ஆண்டு விதிகள் சினை மாட்டையோ ஆட்டையோ அறுக்கக் கூடாது என்கின்றன. 3 மாதத்துக்கும் குறைந்த குட்டி உள்ள தாயையும், ஓர் ஆட்டை இன்னோர் ஆட்டின் கண்ணெதிரிலும் அறுக்கக் கூடாது. ஆக, எந்த விலங்கைக் கொல்கிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும், சாவு விரைவாக வர வேண்டும், அது வரும்வரை கொல்பவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இந்த மூன்றையும் வைத்து உங்களுக்குச் சொல்லப்பட்ட வழிகளைப் பாருங்கள்.

அவுட்டுக்காய் என்பது வெடிமருந்தைத் தின்பண்டத்துக்குள் மறைத்து வைப்பது. அது கடிக்கும்போது வெடிக்கிறது. வாய்க்குள் வெடிப்பதால் தாடை உடைந்து, நாக்கு கிழிந்து போகும். ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, அதனால் பன்றி அங்கேயே விழாது. ஓடிப்போய்ப் புதருக்குள் கிடக்கும். மெல்ல முடியாது, தண்ணீர் குடிப்பதும் கஷ்டம். புண்ணில் சீழ் பிடித்து, பட்டினியால் பல நாள் கழித்துச் சாகும். அது செத்ததே வைத்தவருக்குத் தெரியாது. யார் கடிப்பார்கள் என்பதும் அவர் கையில் இல்லை. தோட்டத்து நாய், மேய்ச்சல் மாடு, யானை எதுவும் கடிக்கலாம். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் சினை யானை ஒன்று வெடிவைத்த காயைக் கடித்து, வாய் சிதைந்து, ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததை நாடே பார்த்தது. விளையாடப் போகும் குழந்தை கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வண்டியின் கிளட்ச் கம்பியை வளைத்து வைக்கும் சுருக்குப் பொறியும் இதே வகைதான். பன்றியின் கழுத்து தடித்தது, தலை ஆப்பு வடிவம். அதனால் சுருக்குப் பெரும்பாலும் கழுத்தில் நிற்காமல் வயிற்றிலோ காலிலோ இறுகும். இழுக்க இழுக்கக் கம்பி தசைக்குள் இறங்கும். கம்பியை அறுத்துக்கொண்டு போனாலும் அதைச் சுமந்தபடியே அழுகிச் சாகும். சிறுத்தை மாட்டிக்கொண்டால் ஊருக்கே ஆபத்து. தினைக்கொல்லையில் பன்றிக்கு வைத்த கல் அடாரில் (கல்லால் ஆன பொறியில்) புலி வந்து விழுந்ததை நற்றிணையின் 119-ஆம் பாட்டு சொல்கிறது. பொறி ஆள் பார்க்காது என்பது மலைக்காட்டு உழவர்களுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

பூச்சிகொல்லிக் குருணை மருந்தைத் தீனியில் கலந்து வைப்பது இன்னும் மோசம். செத்த பன்றியைத் தின்னும் நாய், நரி, பருந்து என்று விஷம் தொடரும். தீனியைக் கொத்தும் மயிலும் சாகும். மயில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. நாய்களை ஏவிப் பிடிப்பதில் பன்றியும் குதறப்படும், நாயின் வயிறும் கிழியும்.

மோட்டார் லைன் கரண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மனிதர்களும் சாகிறார்கள். 230 வோல்ட் மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. தொட்டவுடன் தசை இறுகிவிடும், விடுவித்துக்கொள்ள முடியாது. ராத்திரி தண்ணீர் பாய்ச்ச வருபவர், வரப்பில் நடக்கும் பக்கத்துத் தோட்டக்காரர், உங்கள் வீட்டு ஆள் யாரும் தப்ப முடியாது. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே இப்படி வைத்த கம்பியில் 3 யானைகள் செத்தன. 2 குட்டிகள் தாயில்லாமல் நின்றன. விவசாயத்துக்குக் கொடுத்த இலவச மின்சாரத்தை வேலிக்குத் திருப்புவது 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆவது பிரிவில் மின் திருட்டு. ஆள் செத்தால் சிறை.

இவ்வளவு செய்தும் பயிர் தப்புமா என்றால், தப்பாது. ஒரு பெட்டைப் பன்றி ஒரு ஈற்றில் 4 முதல் 6 குட்டிகள் வரை போடும். சினைக்காலம் நாலு மாதத்துக்கும் குறைவு. கூட்டத்தில் ஒன்றிரண்டு செத்தாலும் கடலை வாசம் அங்கேயே இருக்கும்வரை மற்றவை வரும். வழியை அடைக்காமல் விலங்கைக் குறைத்துப் பயனில்லை.

இனி வழியை அடைப்பதற்கு வருவோம். காட்டுப்பன்றிக்குக் கண் மந்தம், மூக்குதான் எல்லாம். சேலை கட்டுவது, டப்பா தட்டுவது, ரேடியோ வைப்பது எல்லாம் புதிதாக இருக்கும் சில நாள் மட்டுமே வேலை செய்யும். வேறு வழி தயாராகும்வரை வைத்துக்கொள்ளலாம். நாலு நாளுக்கு ஒருமுறை இடத்தை மாற்றுங்கள். பயிர் வாசத்தை மறைக்கும் ஓரப்பயிர்கள் கொஞ்சம் நம்பகமானவை. மக்காச்சோளத்தைச் சுற்றி ஆமணக்கு 4 வரிசை நெருக்கமாகப் போடலாம். பன்றி அதைத் தின்னாது, சோள வாசமும் அமுங்கும். நிலக்கடலைக்கு முள் உள்ள குசும்பா ஓரப்பயிராக ஏற்றது. ஆனால் பயிரோடு சேர்த்து விதைத்திருக்க வேண்டும். காய் பிடித்த பிறகு இப்போது உதவாது, அடுத்த பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பயிரிலிருந்து 1 அடி தள்ளி, 2 அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் பள்ளம் எடுத்தால் பன்றி தயங்கும், மழைநீரும் நிற்கும். மணல் கலந்த மண்ணில் கரை சரிந்துவிடும், அங்கே வேண்டாம். நிலையாகச் செலவு செய்ய முடிந்தால் 3 அடி உயரச் சங்கிலி வலை, அடிப்பாகம் மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும். புதைக்காமல் விட்ட வலையை மூக்கால் நெம்பித் தூக்கிவிடும். வலை கட்டியும் பயன் இல்லை என்று சொல்பவர்களின் வேலியில் பெரும்பாலும் இந்தக் குறைதான்.

உங்கள் மூன்றரை ஏக்கருக்கு எங்கள் பரிந்துரை முறையான சோலார் வேலி. இதில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எனர்ஜைசர் என்னும் கருவி சுமார் ஒரு நொடிக்கு ஒரு மின்துடிப்பைக் கம்பிக்கு அனுப்பும். அழுத்தம் பல ஆயிரம் வோல்ட், ஆனால் ஒவ்வொரு துடிப்பும் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். அடுத்த துடிப்புக்குள் விலங்கு விலகிவிட நேரம் இருக்கிறது. சுரீர் என்று வலிக்கும், உயிர் போகாது. மோட்டார் லைனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தக் குறுகிய துடிப்பும் இடைவெளியும்தான். பி.ஐ.எஸ். (இந்தியத் தர அமைப்பு) தர எனர்ஜைசர் மட்டுமே வாங்குங்கள். தமிழ்நாட்டின் 2023 மின்வேலி விதிகளின்படி காட்டையொட்டிய பகுதியில் வனத்துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கிப் பதிய வேண்டும். கம்பி இழுப்பதற்கு முன்பே வனத்துறையின் ரேஞ்சர் (வனச்சரகர்) அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

பன்றிக்கு 3 கம்பி போதும்: தரையிலிருந்து சுமார் 20, 45, 75 செ.மீ. அதன் உடல் மயிரும் தோலும் தடிப்பு, மின்சாரம் சரியாக ஏறாது. ஈரமான மூக்கு பட்டால்தான் அதிர்ச்சி. அதனால் அடிக்கம்பி மூக்கு உயரத்தில் இருப்பது முக்கியம். அதற்கும் கீழே தாழ்த்தாதீர்கள். அழுங்கும் (எறும்புதின்னி) ஆமையும் கம்பியில் பட்டால் ஓடாமல் அங்கேயே சுருண்டுகொள்ளும், திரும்பத் திரும்ப அதிர்ச்சி வாங்கியே செத்துப்போகும். பொழுது சாயும்போது போட்டு விடிந்ததும் அணைத்துவிடுவதும், காலையில் அடிக்கம்பியை ஒரு சுற்று பார்ப்பதும் இதற்காகத்தான்.

சோலார் வேலி கெட்டுப்போவது பெரும்பாலும் மூன்று காரணங்களால். ஒன்று எர்த். தலா ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில், 3 மீட்டர் இடைவெளியில் 3 கம்பியாவது இறக்க வேண்டும். கோடையில் மண் காய்ந்தால் அந்த இடத்தில் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் இல்லாவிட்டால் பன்றிக்கு ஒன்றுமே உறைக்காது. இரண்டாவது, கம்பியைத் தொடும் களை. மழைக்குப் பின் ஈரப்புல் மொத்த மின்சாரத்தையும் தரைக்கு இறக்கிவிடும். கம்பிக்குக் கீழே ஒரு மீட்டர் அகலம் சுத்தமாக இருக்கட்டும். மூன்றாவது, விட்டுவிட்டுப் போடுவது. அணைத்திருக்கும் ஒரு ராத்திரியில் உள்ளே போய்ப் பழகிய கூட்டம் பிறகு அதிர்ச்சியைப் பொறுத்துக்கொண்டும் பாயும். எனர்ஜைசரிலிருந்து தூரமான மூலையில் வேலி மீட்டர் வைத்துப் பாருங்கள், 4 ஆயிரம் வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. அடுத்த பட்டத்தில் கடலை காய் பிடிக்கும் முன்பே, சோளம் பால் பிடிக்கும் முன்பே வேலி ஓட வேண்டும்.

இனி கொல்வது பற்றி. காட்டுப்பன்றி இப்போது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. உங்கள் உயிரையோ இன்னொருவர் உயிரையோ காக்க நல்லெண்ணத்தில் கொன்றால் குற்றமில்லை. பயிரைக் காக்க நீங்களே கொன்றால் குற்றம்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பயிருக்காகச் சுட அனுமதி தரும் அதிகாரம் 11-ஆவது பிரிவின்படி வனத்துறைக்கு உண்டு. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதற்குத் தூரக் கணக்கு வைத்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக் கூடாது. 1 முதல் 3 கி.மீ. வரை கூண்டில் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உங்கள் தோட்டம் இரண்டாவது வளையத்தில் வருவதால் உங்களுக்குக் கூண்டுதான். சேதத்தைத் தேதியோடு படம் எடுத்து, சிட்டா அடங்கலுடன் வி.ஏ.ஓ.விடமும் ரேஞ்சர் அலுவலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். இழப்பீட்டு மனுவையும் அதே நாளில் கொடுத்துவிடுங்கள்; கிளறிய மண் மழையில் கரைந்தால் சேதத்தைக் கணக்கிட முடியாது.

விவசாயியே சுட அனுமதி வேண்டும் என்ற கோரிக்கை இருக்கிறது. கேரளம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்களுக்குச் சுட அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்தபோது, உரிமம் பெற்ற துப்பாக்கி மட்டுமே, விஷம், வெடி, மின்சாரம் கூடாது என்று வரம்பும் வைத்தது. அந்த வரம்பு சரி. துப்பாக்கியும் தவறான கையில் அவுட்டுக்காய்தான். சிறு ரவைகளை இருட்டில் கூட்டத்தைப் பார்த்து இறைத்தால் ஒன்றும் விழாது, நாலு காயத்தோடு ஓடும். பன்றி பக்கவாட்டில் நிற்கும்போது, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சைத் துளைக்கும் ஒற்றைக் குண்டு வேண்டும். பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட வேண்டும். மடி தொங்கும் தாயை விட்டுவிட வேண்டும். அதைச் சுட்டால் புதரில் உள்ள குட்டிகள் பட்டினி கிடந்து சாகும். காயம்பட்டு ஓடியதை ரத்தத்தடம் பிடித்துப் போய் முடிக்காமல் வீடு திரும்பக் கூடாது. இதைச் செய்ய முடியாதவர் சுடும் இடத்தில் நிற்கவே கூடாது.

கூண்டு வைத்தபின் பொறுப்பில் பாதி உங்களுடையது. விடியும் முன்பே போய்ப் பாருங்கள். வெயில் ஏறினால் பன்றி சூடு தாங்காது, வியர்க்கும் உடல் அதற்கில்லை. ஈரச்சாக்கைப் போட்டுக் கூண்டை மூடி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரை உள்ளே தள்ளிவிடுங்கள். கூட்டம் கூடவோ, குச்சியால் குத்தவோ, கல் எறியவோ யாரையும் விடாதீர்கள். கம்பியில் முட்டி மூக்கை உடைத்துக்கொள்ளும், காட்டில் விட்டாலும் பிழைக்காது.

காயத்தோடு தோட்டத்தில் கிடக்கும் பன்றியைப் பார்த்தால் பக்கத்தில் போகாமல், நாய்களைக் கட்டிவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிழைக்காது என்று கால்நடை மருத்துவர் சொன்னால் அதை வலியில்லாமல் முடிக்கும் வேலை அவர்களுடையது. காரணம் தெரியாமல் செத்துக் கிடப்பதைத் தொடவோ, அறுக்கவோ, கறியாக்கவோ வேண்டாம். 2023 தொடக்கத்தில் முதுமலையில் செத்த காட்டுப்பன்றிகளில் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் உறுதியானது. அது மனிதருக்கு வராது, ஆனால் உங்கள் செருப்பிலும் கத்தியிலும் ஏறிப் பக்கத்து ஊர்ப் பண்ணைப் பன்றிகளுக்குப் போய்ச் சேரும்.