பழைய போர்டு பிரிக்கிற வேலைக்கு மகனை அனுப்பலாமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்த மகன், பழைய கம்ப்யூட்டர் போர்டுகளைத் தரம் பிரிக்கிற மறுசுழற்சி நிறுவனத்தில் சேரப்போகிறேன் என்கிறான். "குப்பை பொறுக்கவா உன்னைப் படிக்க வைத்தோம்?" என்று நீங்கள் கேட்டுவிட்டீர்கள். அதிலிருந்து வீட்டில் பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது. கடைசி வரியில் போகிறபோக்கில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள்: வீட்டுக்குப் பின்னால், தங்கம் பிரித்தெடுப்பதற்காக ஒரு டப்பாவில் அமிலம் ஊற்றி, போர்டுத் துண்டுகளை ஊறப்போட்டு வைத்திருக்கிறான். நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். நைட்ரிக் அமிலம் செம்பைத் தொட்டதும் பழுப்பு நிறத்தில் புகை கிளம்பும். அந்த நைட்ரஜன் டை ஆக்சைடைச் சுவாசித்தவருக்கு அப்போதைக்கு இருமல் மட்டும் வரலாம், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளவும் கூடும். மீதமிருக்கும் அமிலத்தில் செம்பும் ஈயமும் கரைந்திருக்கும், அதைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. டப்பாவை இறுக மூடவும் கூடாது, உள்ளே வாயு சேர்ந்தால் வெடிக்கும். இரசாயனக் கழிவு வாங்குகிற உரிமம் பெற்ற இடத்தில் ஒப்படைப்பதுதான் வழி. போர்டை எரித்துப் பார்ப்பது அதைவிட மோசம். தீப்பிடிக்காமல் இருக்க அதில் சேர்த்திருக்கும் புரோமின் சேர்மங்கள், எரியும்போது டையாக்சின் போன்ற நஞ்சுகளாக மாறும். இவ்வளவும் எதற்காக? ராம் கார்டு என்கிற நினைவக அட்டையின் ஓரத்தில் மின்னுகிற தங்கப்பூச்சு ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தடிமன்கூட இருக்காது. நம் தலைமுடியின் தடிமனே 50 மைக்ரானுக்கு மேல். இணையத்தில் இதைச் செய்துகாட்டும் வீடியோக்களில் தெரிகிற தங்க உருண்டைக்குப் பின்னால் எத்தனை கிலோ கார்டு போனது என்று யாரும் சொல்வதில்லை.

சரி, இப்போது அவன் கேட்கிற வேலைக்கு வருவோம். முறையான தரம் பிரிக்கும் கூடத்தில் அமிலமும் கிடையாது, நெருப்பும் கிடையாது. மேசை, நல்ல வெளிச்சம், ஸ்க்ரூடிரைவர், காந்தம், உருப்பெருக்கிக் கண்ணாடி, சுற்றிலும் பெட்டிகள். எந்தப் போர்டு எந்தப் பெட்டிக்குப் போகிறது என்று முடிவு செய்வதுதான் வேலை. அந்த முடிவில்தான் பணம் இருக்கிறது. போர்டுகளைக் கடைசியில் வாங்குவது பெரிய உருக்காலைகள். சுவீடனில் போலிடன் நிறுவனத்தின் ரோன்ஷேர் ஆலை, பெல்ஜியத்தில் ஹோபோக்கனில் உள்ள யூமிகோர் ஆலை போன்றவை. செம்பு உருக்கும் ஆலைகளில் உருகிய செம்பு, தங்கத்தையும் வெள்ளியையும் பல்லேடியத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்ளும். பிறகு கரைசலில் மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் மின்னாற்பகுப்பில் செம்பு ஒரு பக்கம் படியும், விலை உயர்ந்த உலோகங்கள் தொட்டியின் அடியில் சேறாகத் தங்கும். இப்படி வாங்குகிறவர்கள் லாட் லாட்டாக, அதாவது மொத்தம் மொத்தமாக வாங்குகிறார்கள். நல்ல போர்டுகளுக்கு நடுவே மட்டமானதைக் கலந்து அனுப்பினால் மொத்த லாட்டுக்கும் மட்டமான விலைதான் கிடைக்கும். ஆகவே பிரிக்கிறவன் கண்ணுக்கு அங்கே மரியாதை உண்டு.

அந்தக் கண் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். ஒரு கூடத்தில் அரை நாள் மேசையருகே நின்று பார்த்திருக்கிறேன். நான் பச்சைப் போர்டு நல்லது, பழுப்புப் போர்டு மட்டம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அங்கிருந்த பெண்மணி ஒரு போர்டை எடுத்து, நிறத்தைப் பார்க்காமல் ஓரத்தை விளக்குக்கு எதிரே பிடித்தார். பச்சை, நீலம், கறுப்பு எல்லாம் மேலே பூசிய பூச்சுதான், ஓரத்தைப் பாருங்கள் என்றார். கண்ணாடி இழைப் போர்டின் ஓரம் வெளிறிய மெல்லிய அடுக்குகளாகத் தெரிந்தது. பவர் சப்ளையிலிருந்து கழற்றிய போர்டின் ஓரமோ நனைந்து காய்ந்த அட்டை மாதிரி இருந்தது. அது காகிதத்தில் பிசின் ஏற்றிச் செய்தது, பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் செம்பு. டிரான்ஸ்ஃபார்மரும் அலுமினியத் தகடும் சேர்ந்து கையில் கனக்கும், கனத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. அவற்றைக் கழற்றித் தனித்தனியே போட்டுவிட்டால் மிச்சம் கடைசித் தரம்.

ராம் கார்டு நேரே மேல் தரத்துக்குப் போகும் என்று நினைப்போம். அதிலும் பழைய 72 பின் கார்டுகளில் பலவற்றின் விளிம்பு வெள்ளையாக இருக்கும், அது ஈயம் இல்லை, வெள்ளீயப் பூச்சு. அதற்கு வேறு பெட்டி. ராம் மேல் அலுமினிய உறை இருந்தால் கழற்றிவிட்டுத்தான் எடை போட வேண்டும். கம்ப்யூட்டரின் மூளையான பிராசசர் என்றால் அது எந்த வருடத்தது என்று தெரிந்திருக்க வேண்டும். 1995இல் வந்த பென்டியம் ப்ரோ பீங்கான் உடம்பு கொண்டது, தங்கம் அதிகம் இருப்பதற்குப் பேர்போனது. பின்னால் வந்தவை கண்ணாடி இழை அடித்தளத்துக்கு மாறின, தங்கம் சுருங்கியது. மேலே வெள்ளி மாதிரி பளபளக்கும் மூடி, நிக்கல் பூசிய செம்பு. 2004இல் எல்ஜிஏ 775 என்ற சாக்கெட் வகை வந்தபோது பின்களே பிராசசரை விட்டு மதர்போர்டு சாக்கெட்டுக்குப் போய்விட்டன. இதையெல்லாம் நிமிடத்துக்குப் பல முறை யோசித்துக் கை வைப்பதைக் குப்பை பொறுக்குவது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்புறம் இன்னொன்று: வேலை செய்கிற ராமும் பிராசசரும் உருக்குவதைவிட மறுபடி பயன்படுத்தினால்தான் அதிக மதிப்பு. அதைச் சோதித்துப் பார்த்துத் தனியே எடுத்துவைக்க எலக்ட்ரானிக்ஸ் படித்தவன்தான் வேண்டும். உங்கள் மகனின் டிப்ளமோ வீணாகாது.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் ஈயம் போன்ற நச்சுப் பொருட்களைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் (RoHS) விதி அமலுக்கு வரும்வரை, பாகங்களைப் போர்டில் பற்றவைக்கும் சால்டரில் ஈயம் சர்வ சாதாரணம், வழக்கமான கலவை 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம். பிரிக்க வருகிற போர்டுகளில் நிறைய அந்தக் காலத்தவை. அதனால் சம்பளம் கேட்பதற்கு முன்னால் இடத்தைப் போய்ப் பாருங்கள், நீங்களும் கூடப் போங்கள். சாப்பிடும் இடம் தனியாக இருக்கிறதா, கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட விடுகிறார்களா, வேலை உடுப்பு அங்கேயே தங்குகிறதா, இரத்தத்தில் ஈயப் பரிசோதனை செய்கிறார்களா என்று கேளுங்கள். காசு அளவு லித்தியம் பேட்டரிகளைப் போர்டிலிருந்து முதலில் எடுத்துத் தனியாக வைக்கிறார்களா என்று கண்ணாலேயே பாருங்கள், எடுக்காமல் நொறுக்கினால் தீப்பிடிக்கும். பிரித்த போர்டு யாருக்குப் போகிறது என்று கேட்டால் தயங்காமல் பதில் வர வேண்டும். 2025 ஜனவரி 1 முதல், அபாயகரமான கழிவுகள் நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் பாசல் என்ற சர்வதேச உடன்படிக்கையின்படி எல்லா வகை மின்கழிவுக்கும், நாடு விட்டு நாடு அனுப்புமுன் சம்பந்தப்பட்ட நாடுகளின் முன் ஒப்புதல் வேண்டும். "அதெல்லாம் எதுக்கு?" என்று கேட்கிற முதலாளியிடம் உங்கள் பிள்ளையை விடாதீர்கள்.

ஐந்து வருடம் கழித்து என்ன ஆவான் என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே மேசையிலேயே நின்றால் முதுகுவலிதான் மிஞ்சும், அதை மறைக்க மாட்டேன். தங்கம், செம்பு விலை இறங்கினால் தொழிலும் தள்ளாடும். ஆனால் 2022இல் உலகம் முழுக்க 6.2 கோடி டன் மின்கழிவு சேர்ந்தது என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது, அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம் மட்டுமே. வேலைக்குப் பஞ்சம் இருக்காது. மேசையிலிருந்து மேலே போக நான் பார்க்கிற நல்ல வழி, லாட்டுக்கு விலை சொல்கிறவர் ஆவதும் ஆய்வகத்துக்குப் போவதும். எக்ஸ்ரே பாய்ச்சி உலோகங்களை அளக்கும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி மேற்பரப்பைத்தான் படிக்கும். தங்கம் பூசிய விளிம்பில் வைத்தால் இல்லாத தங்கத்தையெல்லாம் இருப்பதாகக் காட்டும். லாட்டை நொறுக்கி, கலந்து, சரியாக மாதிரி எடுத்து, இரசாயன ஆய்வு செய்தால்தான் உண்மை தெரியும். அதைச் செய்ய வேதியியலோ உலோகவியலோ படித்தவர்கள் தேவை. ஒரு வருடம் மேசை, அதற்குள் பகுதிநேரப் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் என்று அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். அந்த ஒரு வருடமும் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். லாட் கிளம்பும்போது என்ன வரும் என்று தன் கணக்கை எழுத வேண்டும், உருக்காலையின் கணக்கு வந்ததும் பக்கத்தில் அதை எழுத வேண்டும். விலை சொல்கிற வேலைக்குப் போகும்போது எந்தச் சான்றிதழையும்விட அந்த நோட்டு பேசும்.

இன்று இரவு அமில டப்பா விஷயத்தை முடித்த பிறகு, அவன் அறையில் பிரித்து வைத்திருக்கிற போர்டுகளில் இரண்டை எடுத்துவரச் சொல்லுங்கள். இது ஏன் இந்தப் பெட்டியில், அது ஏன் அந்தப் பெட்டியில் என்று கேளுங்கள். ஓரத்தையும் பின்னையும் வருடத்தையும் காட்டி விளக்கினான் என்றால், அந்த நிறுவனத்தைப் பார்க்க நாள் குறியுங்கள். தங்கம் எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டுமே பேசினான் என்றால், அங்கே போகுமுன் என்னிடம் ஒரு முறை கூட்டிவாருங்கள்.