ஆன்மா இல்லையென்றால் மறுபடி பிறப்பது யார்? – கேள்வி பதில்

ஐயா, பௌத்தம் ஆன்மாவை மறுக்கிறது, மறுபிறவியை மட்டும் ஏற்கிறது. அப்படியானால் மறுபடி பிறப்பது யார்?

அதிகம் பேர் கேட்டிருப்பது இதைத்தான். கிரேக்க அரசர் மிலிந்தரும் நாகசேனர் என்ற பிக்குவிடம் இதையே கேட்டதாக 'மிலிந்த பஞ்ஹா' என்ற பாலி நூல் சொல்கிறது. நாகசேனர் விளக்கை உதாரணம் காட்டினார். ஒரு விளக்கு இரவு முழுக்க எரிகிறது. முதல் சாமத்துச் சுடரும் கடைசிச் சாமத்துச் சுடரும் ஒன்றா? இல்லை. அதற்காக வேறு வேறு விளக்குகளா? அதுவும் இல்லை. முன்னதைச் சார்ந்து பின்னது எரிகிறது. பிறவியும் அப்படித்தான் என்றார். இங்கிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேரும் பொருள் என்று எதுவும் கிடையாது.

ஸாதி என்ற பிக்கு, ஒரே விஞ்ஞானம்தான், அதாவது அறியும் உணர்வுதான், மாறாமல் பிறவி பிறவியாக அலைகிறது என்று நம்பினார். புத்தர் அவரைக் கடுமையாகவே கண்டித்தார். உணர்வும் காரணங்களைச் சார்ந்து எழுவதுதான், காரணம் போனால் அதுவும் போகும் என்று விளக்கினார். கீதையின் இரண்டாம் அத்தியாயம் இதற்கு நேர் எதிர்: அங்கே ஆன்மாவுக்குப் பிறப்பும் இல்லை, இறப்பும் இல்லை. மாறுவது உடல் மட்டும். வினை, மறுபிறவி, விடுதலை ஆகிய மூன்றையும் இரு தரப்பும் ஏற்கின்றன. இவற்றுக்கெல்லாம் மாறாத உரிமையாளர் ஒருவர் வேண்டுமா என்பதில்தான் சண்டை.

அண்ணா, இந்து மதம் ஆன்மாவைப் பற்றி ஒரே கருத்தைத்தானே சொல்கிறது?

இல்லை, தம்பி. அத்வைதத்தில் ஆன்மாவும் பிரம்மமும் ஒன்றே. ராமானுஜருக்கு ஜீவர்கள் பலர். அவர்கள் இறைவனுக்கு உடலாக இருப்பவர்கள். மத்வருக்கு ஜீவனும் இறைவனும் என்றைக்கும் வேறு. சைவ சித்தாந்தத்தில் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே தொடக்கம் இல்லாதவை. உயிர் எதைச் சார்கிறதோ அதன் தன்மையை அடைகிறது. 'இந்து ஆன்மா' என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டால் இந்த வேறுபாடுகள் எல்லாம் காணாமல் போய்விடும். ஆனாலும் இவர்கள் அனைவருக்கும் உடல் அழிந்த பிறகும் அழியாத ஆன்மா ஒன்று உண்டு. பௌத்தம் மறுப்பது அதைத்தான்.

'ஆன்மா இல்லை' என்று புத்தர் நேராகச் சொல்லவில்லை, மௌனமாகத்தான் இருந்தார் என்கிறார்களே?

இரண்டுமே நடந்தவை என்றுதான் புத்தரின் உபதேசங்களைச் சொல்லும் சூத்திரங்கள் சொல்கின்றன. சாரநாத்தில் ஐந்து சீடர்களுக்குச் செய்த இரண்டாவது உபதேசத்தில் உருவம், வேதனை (இன்ப துன்ப நுகர்ச்சி), குறிப்பு (இன்னது என்று அடையாளம் காண்பது), பாவனை (மனத்தின் செயல்பாடுகள்), விஞ்ஞானம் என்ற ஐந்து கந்தங்களையும், அதாவது மனிதனை ஆக்கும் ஐந்து தொகுதிகளையும், ஒவ்வொன்றாக எடுத்து, இது ஆன்மா இல்லை என்கிறார். அவர் தரும் காரணம் எளிமையானது: உடல் 'நான்' என்றால், 'இப்படி இரு' என்று நான் சொன்னபடி அது இருக்க வேண்டுமே?

வச்சகோத்தர் என்ற துறவி 'ஆன்மா உண்டா, இல்லையா?' என்று கேட்டபோதோ புத்தர் வாய் திறக்கவில்லை. பிறகு தன் சீடர் ஆனந்தரிடம் காரணம் சொன்னார். உண்டு என்றிருந்தால் ஆன்மா என்றும் அழியாது என்னும் நித்தியவாதிகளோடு சேர்ந்ததாகும். இல்லை என்றிருந்தால் எல்லாம் அழிந்துபோகும் என்பவர்களோடு சேர்ந்ததாகும். ஏற்கெனவே குழம்பியிருக்கும் மனிதர், 'முன்பு இருந்த என் ஆன்மா இப்போது இல்லாமல் போனதோ' என்று இன்னும் குழம்புவார். இதை நழுவல் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டவருடைய நிலைக்கு அதுதான் சரியான பதில்.

நேற்று பார்த்ததை இன்று நினைவுகூர்கிறேன். பார்த்தவனும் நினைப்பவனும் ஒருவன் என்றால்தானே அது முடியும்?

ஆன்மவாதிகளின் வலுவான வாதம் இது. கண்ணால் கண்டதையே கையாலும் தொடுகிறேன் என்று அறிவதால், இரண்டு புலன்களுக்கும் பொதுவான ஒருவன் வேண்டும் என்கிறது நியாயம் என்ற தர்க்கத் தத்துவப் பள்ளியின் மூலநூலான நியாய சூத்திரம். அத்வைத ஆசிரியர் சங்கரரும் பிரம்ம சூத்திர உரையில் நினைவை வைத்தே பௌத்தர்களை மறுக்கிறார்.

பௌத்த அறிஞர் வசுபந்து தன் அபிதர்மகோசம் என்ற நூலின் இறுதிப் பகுதியில் பதில் சொல்கிறார்: முந்தைய அனுபவம் அதே தொடர்ச்சியில் பின்னால் ஒரு நினைவை எழுப்புகிறது, அவ்வளவுதான். உங்கள் அனுபவம் எனக்கு நினைவாக வராததற்குக் காரணம், நம் இரு தொடர்ச்சிகளுக்கும் நடுவே அந்தக் காரண உறவு இல்லாததே. நியாயவாதிகள் விடவில்லை. ஆசிரியரின் அறிவு மாணவனிடம் அறிவை உண்டாக்குகிறதே, ஆசிரியரின் அனுபவம் ஏன் மாணவனுக்கு நினைவில் வருவதில்லை என்று மடக்கினார்கள்.

என் கருத்தைக் கேட்டால், நினைவு ஒரு தொடர்ச்சியை நிரூபிக்கிறது. ஆனால் தொடர்ச்சியிலிருந்து மாறாத ஆன்மாவுக்குத் தாவ இன்னொரு வாதம் வேண்டும். அந்தப் பக்கம், ஒரு தொடர்ச்சியை 'ஒன்று' ஆக்குவது எது என்று பௌத்தர்கள் சொல்லும் பதிலும் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

தமிழில் பௌத்தத் தரப்பைப் படிக்க வழி உண்டா?

மணிமேகலையின் கடைசிக் காதையைப் படியுங்கள். பேதைமையில் தொடங்கி வினைப்பயன் வரை ஒன்றைச் சார்ந்து ஒன்று எழும் பன்னிரண்டு சார்புகளை அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி விளக்குகிறார். எதிர்த் தரப்புக்கு, சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பரபக்கம் என்ற பகுதி.

தியானம் செய்கிறேன். இரண்டில் எதை ஏற்பது?

நம்பிக்கையை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டியதில்லை. 'உடல் நானல்ல, எண்ணம் நானல்ல' என்பது வரை இரண்டு வழிகளும் சேர்ந்தே வருகின்றன. அப்புறம்தான் பிரிகின்றன. எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் சாட்சியில் நிலைக்கச் சொல்கிறது அத்வைதம். அந்தப் பார்வையும் எழுந்து மறைவதைக் கவனிக்கச் சொல்கிறது பௌத்தம். ஒரே அமர்வில் இரண்டையும் கலக்காதீர்கள். எந்த ஆசிரியரிடம் பயில்கிறீர்களோ, அந்த இடம் வரும்போது அவரிடமே கேளுங்கள்.