சுமாரான புத்தகங்கள்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

கும்பகோணத்தில் தபால் அலுவலகக் கவுன்டரில் 31 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள் நான். கிளை நூலகத்தில் வாரம் இரண்டு புத்தகம் எடுப்பேன். படித்து முடித்ததும் ஒரு நீளக் கணக்கு நோட்டில் நாலு வரி எழுதிவைப்பேன். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது. அதில் இருப்பவற்றில் பெரும்பாலானவை ஆஹா என்று சொல்லத்தக்கவையும் அல்ல, தூக்கி எறியத்தக்கவையும் அல்ல. சுமார் ரகம். அவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்குத்தான் இந்தப் பதில்கள்.

மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: நல்ல புத்தகங்களைப் படித்து முடிக்கவே ஆயுள் போதாது. சுமாரானவற்றைப் பற்றி எதற்குப் பேச வேண்டும்?

நல்ல புத்தகங்களைப் பற்றிச் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள் தம்பி. சுமாரான புத்தகத்துக்குப் பின்னட்டை மட்டும்தான் இருக்கிறது. அது எழுதியவரின் நண்பரோ பதிப்பாளரோ எழுதிய நாலு வரி. நூலகத்துக்குப் போகிறவர் எதை நம்பி எடுப்பார்?

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931ல் நூலகத்துக்கென்று ஐந்து விதிகள் எழுதினார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. சுமாரான புத்தகம் இந்த இரண்டு விதிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. யாருக்கு அது உதவும், யார் அதைத் தொட வேண்டியதில்லை, எந்தப் பக்கங்களை மட்டும் படித்தால் போதும் என்று படித்த ஒருவர் சொன்னால்தான் இரண்டு விதியும் நடக்கும். அந்த வேலையை மனதாரச் செய்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து ஒரு அம்மா: எனக்கு 62 வயது. பிடிக்காத நாவலை எத்தனை பக்கம் வரை பொறுத்துக்கொள்ளலாம்?

38 பக்கம். அமெரிக்காவில் நான்சி பேர்ல் என்ற நூலகர் சொன்ன கணக்கு இது. 50 வயது வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கட்டும். அதைத் தாண்டியவர்கள் 100லிருந்து தங்கள் வயதைக் கழித்து, மீதி வரும் பக்கம் வரை படித்தால் போதும். வயது ஏற ஏறப் பொறுமைக்குக் கணக்குக் குறைகிறது, அது நியாயம்தான். கட்டுரை நூல் என்றால் இந்தக் கணக்கு வேண்டாம். பொருளடக்கத்தைப் பார்த்து உங்களுக்கு வேண்டிய அத்தியாயத்துக்கே நேராகப் போங்கள்.

ஓசூரில் தொழிற்சாலைப் பணியாளர்: சுயமுன்னேற்ற நூல்கள் நாலைந்து படித்துவிட்டேன். எல்லாம் ஒரே புத்தகம் மாதிரி இருக்கின்றன. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை, உண்மையிலேயே ஒரே சரக்குதான் கைமாறிக்கொண்டிருக்கிறது. இரண்டு உதாரணம் சொல்கிறேன். அடுத்த புத்தகத்தில் இவை வந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலாவது, 21 நாளில் ஒரு பழக்கம் படிந்துவிடும் என்பது. மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960ல் எழுதிய நூலிலிருந்து கிளம்பியது இது. முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றுதான் அவர் கவனித்தார். பின்னால் வந்தவர்கள் ‘குறைந்தது’ என்ற சொல்லை விட்டுவிட்டார்கள். அந்த ஒரு சொல் போனதும் அவதானிப்பு வாக்குறுதியாகிவிட்டது. லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2009ல் வெளிவந்தது. அதில் ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நம் ஊரில் ஒரு மண்டலம் என்று 48 நாள் சொல்வார்களே, அதுகூட 21ஐ விட நிஜத்துக்குக் கிட்டே இருக்கிறது! 22ஆம் நாள் காலையில் எழுந்து ஓட முடியவில்லை என்று எத்தனை பேர் தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, மிட்டாய்க் கதை. குழந்தையின் முன் ஒரு மிட்டாயை வைத்து, கொஞ்ச நேரம் தின்னாமல் இருந்தால் இரண்டு தருகிறேன் என்பார்கள். காத்திருந்த குழந்தைகள் பிற்காலத்தில் நன்றாக வந்தார்கள் என்று கதை முடியும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரிப் பள்ளியில் வால்டர் மிஷெல் 1960களின் கடைசியில் தொடங்கிய சோதனை அது. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி வாழ்ந்தவர்களின் பிள்ளைகள். 2018ல் 900க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்து வேறு ஆய்வாளர்கள் மறுபடி பார்த்தார்கள். காத்திருப்பதற்கும் பிற்காலப் படிப்புக்கும் இருந்த தொடர்பு பழைய ஆய்வு காட்டியதில் பாதிதான் வந்தது. குடும்பத்தின் வசதி, தாயின் படிப்பு எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி கரைந்துபோனது.

சரி, அதனால் இந்த ரகமே வேண்டாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இந்த நூல்களில் எழுதியவர் தன் சொந்த வேலையைப் பற்றிப் பேசுகிற அத்தியாயம் ஒன்று இருக்கும். விற்பனையாளராக அலைந்தது, கடை வைத்து நஷ்டப்பட்டது, கடனை அடைத்தது. அங்கே மட்டும் மொழி திடீரென்று உயிர் பெறும். அதைத் தேடிப் படித்துவிட்டு நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். விலைக்கு வாங்க வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியை: சோழர் காலத்து நாவல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. எது பரவாயில்லை என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

நான் முதலில் சமையலறையைப் பார்ப்பேன் டீச்சர். ராஜராஜன் ஆண்டது 985 முதல் 1014 வரை. போர்ச்சுக்கீசியர் கோழிக்கோட்டுக் கரையில் இறங்கியது 1498ல். மிளகாய் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது. தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, கொய்யா, பப்பாளி, முந்திரி, புகையிலை எல்லாமே அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சோழர் வீட்டு அம்மியில் காய்ந்த மிளகாய் அரைபட்டால், எழுதியவர் அந்தக் காலத்துக்குள் போகவே இல்லை என்று எனக்குத் தெரிந்துவிடும். உறைப்புக்கு அன்றைக்கு மிளகுதான். மிளகாய் என்ற பெயருக்குள்ளேயே அந்த மிளகு உட்கார்ந்திருக்கிறது.

அடுத்து, தஞ்சைப் பெரிய கோவில். நிழல் தரையில் விழாத கோபுரம் என்று ஒரு வரி வரும். நிழல் விழத்தான் செய்கிறது. சாயங்காலம் போனால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நான் அந்த நிழலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டிருக்கிறேன். தவிர, அங்கே வானளாவி நிற்பது கோபுரம் அல்ல, கருவறைக்கு மேலே இருக்கும் விமானம். 216 அடி என்று சொல்வார்கள். வாசலில் இருக்கிற கோபுரங்கள் அதைவிடக் குட்டையானவை.

ஆனால் இப்படித் தவறுகள் உள்ள ஒரு நாவலில்தான் நான் மறக்க முடியாத ஒரு காட்சியைப் படித்தேன். போன வருஷம் எடுத்தது. 400 பக்கம். வாள் சண்டை, சுரங்கப் பாதை, மாறுவேடம் எல்லாம் உண்டு, எதுவும் மனதில் நிற்கவில்லை. நடுவில் ஒரு 12 பக்கம் உத்திரமேரூரில் நடக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு உங்களுக்குத் தெரியும். ஊர்க் காரியங்களைப் பார்க்கும் குழுவான வாரியத்துக்கு, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு ஆள் எடுக்கும் முறை அது. வாரியத்துக்குப் பெயர் எழுதப்பட வேண்டுமானால் வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வரி கட்டும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பெயர் குடத்துக்குள் போகாது. அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்கள் பெயரும் போகாது. ஓலையை எடுப்பது ஒரு சின்னப் பையன்.

நாவலாசிரியர் அந்த விதிக்குள் ஒரு மனிதனைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். யோக்கியமானவன், வேதம் படித்தவன். மாமன் ஒருவன் எப்போதோ ஏரி வாரியக் கணக்கை ஒப்படைக்காமல் போனதால் இவன் பெயரை எழுத மறுக்கிறார்கள். ஊரே கூடியிருக்கும் மண்டபத்தில், பையன் குடத்துக்குள் கையை விடும்போது அவன் தூணுக்குப் பின்னால் நின்று பார்க்கிறான். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. விதி சரியானது என்பது அவனுக்கே தெரியும், அதுதான் வலி. அந்த 12 பக்கத்துக்காக மீதி 388ஐயும் மன்னித்தேன். நோட்டில் பக்க எண்ணோடு எழுதியிருக்கிறேன்.

ஈரோட்டிலிருந்து: பழைய தொடர்கதைகளைப் புத்தகமாகப் படித்தால் அலுக்கிறதே, ஏன்?

வாரம் ஒரு அத்தியாயம் படிப்பவருக்காக எழுதியது அது. போன வாரம் நடந்ததை நினைவூட்ட வேண்டும், கடைசி வரியில் கதவு தட்டப்பட வேண்டும். ஒரே மூச்சில் படித்தால் நினைவூட்டல் எல்லாம் சுமையாகிவிடும். நான் அவற்றை ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயத்துக்கு மேல் படிப்பதில்லை. செய்து பாருங்கள், பாதிக் குறை காணாமல் போகும்.

புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகி: மொழிபெயர்ப்பு நாவல் சுமாராக இருந்தால், குறை மூலத்திலா மொழிபெயர்ப்பிலா என்று எப்படித் தெரியும்?

உடல் அசைவுகளைப் பாருங்கள். ‘அவள் கண்களை உருட்டினாள்’ என்று வந்தால் நமக்கு என்ன தோன்றும்? குழந்தையை மிரட்டுகிறாள் என்று. ஆங்கிலத்தில் அது சலிப்பு. ‘அவன் தலையை ஆட்டினான்’ என்றால் நம் ஊரில் சம்மதம், அங்கே மறுப்பு. இப்படி இரண்டு மூன்று இடத்தில் கதாபாத்திரங்கள் காரணமில்லாமல் மிரட்டிக்கொண்டும் சம்மதித்துக்கொண்டும் இருந்தால் குறை மொழிபெயர்ப்பில். அசைவெல்லாம் சரியாக இருந்து கதை மட்டும் நகரவில்லை என்றால் மூல ஆசிரியரைத்தான் கேட்க வேண்டும்.

திருவாரூரிலிருந்து ஒருவர்: என் கூட வேலை பார்த்த அண்ணன் சொந்தச் செலவில் தன் வரலாறு அச்சடித்து எனக்கு ஒன்று கொடுத்திருக்கிறார். படித்துவிட்டேன், சுமார்தான். பார்க்கும்போதெல்லாம் எப்படி இருக்கிறது என்கிறார். என்ன சொல்வது?

‘நல்லா இருக்கு அண்ணே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் படிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார். உங்களுக்குப் பிடித்த ஒரு இடத்தைக் குறிப்பிட்டுச் சொல்லுங்கள்.

இந்த மாதிரிப் புத்தகம் ஒன்று எனக்கும் கிடைத்தது. ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர் எழுதியது. பாராட்டு விழா, மாலை, மேலதிகாரிகள் பெயர்ப் பட்டியல் என்று 200 பக்கம். ஆனால் நடுவில் ஒற்றைப் பாதையில் டோக்கன் கொடுப்பதைப் பற்றி ஒரு அத்தியாயம். அந்தப் பகுதிக்கான டோக்கன் டிரைவர் கைக்கு வராமல் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்கு நகரக் கூடாது. நிற்காத வண்டி என்றால், ஒரு பெரிய வளையத்தில் பையைக் கட்டி, அதற்குள் டோக்கனான இரும்புப் பந்தைப் போட்டு, ஓடுகிற வண்டியின் டிரைவர் கைக்கு நீட்டுவார்கள். மழை கொட்டும் ஐப்பசி ராத்திரியில், ஒரு கையில் விளக்கும் மறு கையில் வளையமுமாக நின்ற போர்ட்டரைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். வண்டி போன பிறகு அந்த ஆள் கையைப் பார்த்துக்கொண்டே நிற்பாராம், இருக்கிறதா என்று. அந்தப் பாதையில் நூறு தடவை போயிருக்கிறேன், அந்தக் கையை ஒரு தடவையும் நினைத்ததில்லை.

அவரைத் தேடிப்போய் இதைச் சொன்னேன். பாராட்டு விழாப் பக்கங்களைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. போர்ட்டரின் பெயரை விட்டுவிட்டேனே என்று ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

அதே திருவாரூர்க்காரர்: அந்த ஸ்டேஷன் மாஸ்டர் புத்தகம் எங்கே கிடைக்கும்?

கடையில் கிடைக்காது. எங்கள் கிளை நூலகத்தில் வாழ்க்கை வரலாறு அலமாரியில், கீழிருந்து இரண்டாவது தட்டில் ஒரு பிரதி இருக்கிறது. பச்சை அட்டை, முதுகு பிரிந்து டேப் ஒட்டியிருக்கும். 71ஆம் பக்கத்திலிருந்து படியுங்கள்.