பழைய ஹெரால்டுக்குப் புதுப் பாகம்: லேத்துக்குப் போகும் முன்

கேள்வி: அப்பா ஓட்டிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருடமாக ஷெட்டில் கிடந்தது. இப்போது அதைச் சரிசெய்கிறேன். முன் சக்கரத்து டிரன்னியன் (சக்கரம் திரும்ப இடம் தரும் வெண்கல மூட்டு), பிரேக் வீல் சிலிண்டர் ரப்பர், பின் கதவுக் கைப்பிடி, கண்ணாடி ஏற்றும் கைப்பிடி என்று நான்கையும் சாம்பிள் பார்த்தே செய்து தருவதாக ஒரு பட்டறையில் சொல்கிறார்கள். அட்வான்ஸ் கொடுக்கலாமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: நான்கையும் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள். காசு கொடுத்தால் கிடைப்பது எது, செய்தே ஆக வேண்டியது எது என்று முதலில் பிரியுங்கள்.

உங்கள் வண்டி சென்னையில் செய்தது என்றாலும் அதன் அடிப்படை பிரிட்டனின் டிரயம்ப் ஹெரால்டு. அதே முன் சஸ்பென்ஷன் குடும்பம்தான் 1980 வரை வந்த டிரயம்ப் ஸ்பிட்ஃபயர் காரிலும் இருந்தது. அதனால் டிரன்னியனை அங்கே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கூரியர், சுங்கவரி என்று கை கடிக்கும். இருந்தாலும் வாங்கிவிடுங்கள். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த வெண்கலத் துண்டுக்குள் மரைதான் சுழல்கிறது. ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. இது தெரியாதவர் இரண்டையும் ஒரே மாதிரி கடைந்து கொடுப்பார். மாட்டிய பிறகு அதில் கிரீஸ் அடிக்காதீர்கள், 90 நம்பர் கியர் ஆயில்தான் விட வேண்டும். எண்ணெய் காய்ந்தால் உள்ளே துரு ஏறி, அந்த மரை உள்ள செங்குத்து லிங்க் (சக்கரத்தைத் தாங்கும் தண்டு) ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கும்.

பிரேக் ரப்பரையும் செய்யச் சொல்லாதீர்கள். 'ஆயிலுக்குத் தாங்கும் ரப்பர் சார்' என்பார்கள். அந்த நைட்ரைல் ரப்பர் எஞ்சின் ஆயிலுக்குத் தாங்கும், ஆனால் கிளைகால் (glycol) வகை பிரேக் ஆயிலில் ஊறி உப்பிவிடும். ஒரு முறை நான் அப்படிச் செய்த ரப்பரை மாட்டினேன். சில நாளில் பெடலை விட்ட பிறகும் பிரேக் பிடித்தபடியே நின்றது. கழற்றிப் பார்த்தால் ஊறவைத்த உளுந்து மாதிரி இருந்தது!

பின் கதவுச் சாமான்கள் வேறு கதை. பிரிட்டிஷ் ஹெரால்டுக்கு இரண்டே கதவு. நான்கு கதவு நம் ஊருக்கென்றே வந்தது. அங்கே தேடிப் பயனில்லை. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய கார் சாமான் கடைகளில் ஒருமுறை அலசுங்கள், கிடைக்காவிட்டால் செய்துகொள்ளலாம். தேய்ந்த பக்கத்தை அளக்காமல், தேயாத பக்கத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து டிராயிங் போடுங்கள். பழைய பாகத்தையே பேட்டர்னாக (வார்ப்பு அச்சு எடுக்கும் மாதிரியாக) வைத்து அலுமினியத்தில் வார்த்தால், ஆறும்போது சுருங்கி 100 மி.மீ.க்கு ஒரு மி.மீ.க்கும் கொஞ்சம் அதிகமாகக் குறையும். பேட்டர்னை அந்த அளவு பெரிதாக்க வேண்டும். 3டி பிரிண்டில் ஒன்று எடுத்து மாட்டிப் பார்த்துவிட்டு ஃபவுண்டரிக்குப் போவது நல்லது. ஆனால் பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் எடுத்ததையே வண்டியில் விட்டுவிடாதீர்கள். அது சுமார் 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எட்டிவிடும்.

இன்னொன்று, மரை. உங்கள் வண்டி இன்ச் வண்டி. 5/16 இன்ச் யு.என்.எஃப். (இன்ச் அளவில் நெருக்கமான மரை) போல்ட் 7.94 மி.மீ. நம் பட்டறைகளில் கைக்கு எட்டுவது 8 மி.மீ. பார்க்க இரண்டும் ஒன்றுதான். இரண்டு சுற்று ஏறும், அப்புறம் இறுகும். ஸ்பானரை நீட்டி அழுத்தினால் மரை போயிற்று. (நம் ஊரில் மரை கழன்றவர் என்று யாரைச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். பழைய கார் வாங்குகிறவர்களை வீட்டில் அப்படித்தான் சொல்கிறார்கள்.)

சேசிஸ், எஞ்சின் பக்கம் மட்டும் கைவைக்க விடாதீர்கள். முதல் பதிவாகி 50 வருடம் தாண்டிய வண்டிக்கு 2021 விதிப்படி விண்டேஜ் பதிவு வாங்கலாம். பத்து வருடத்துக்கு 20,000 ரூபாய். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேள்வி: கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ் செய்ய முழுத் தொகையும் கொடுத்தேன். பொருந்தவில்லை. 'நீங்கள் கொடுத்த சாம்பிளே தேய்ந்தது' என்கிறார். பில் இல்லை, ஜிபே செய்த பதிவு மட்டும் இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எழுத்தில் அளவு கொடுத்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஜிபே பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான், அழிக்காதீர்கள். முதலில் ஒரு கடிதம் எழுதி, திரும்பச் செய்து தரச் சொல்லுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அப்புறமும் நகராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். எது எப்படியானாலும் பழைய சாம்பிளைக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள். அடுத்த டர்னரிடம் காட்ட உங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.