கை கால் எலும்பு ஸ்கேன்: கேளுங்கள், சொல்கிறேன்

பதினெட்டு வருஷமாக காமா கேமராவோடு (உடம்புக்குள் போன மருந்திலிருந்து வரும் கதிர்களைப் படமாக்கும் கேமரா) குடித்தனம். டாக்டர் இல்லை, டெக்னாலஜிஸ்ட். ரிப்போர்ட்டைப் போட்டு விளக்கம் கேட்காதீர்கள்.

மாரத்தான் பிரியன்: பாதத்தில் வலி, எக்ஸ்ரே சுத்தம். போன் ஸ்கேனில் (எலும்பு ஸ்கேன்தான்) ஏன் மூன்று தடவை படம்?

ஊசியில் போவது டெக்னீஷியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த எம்.டி.பி., அதாவது எலும்பில் போய் ஒட்டும் மருந்து. மருந்து ஏறும்போதே ரத்த ஓட்டத்தைப் பிடிப்போம். ஐந்து நிமிஷத்தில் சதை வீக்கம் தெரியும். 2 முதல் 4 மணி நேரம் கழித்துத்தான் எலும்பு. விரிசல் எக்ஸ்ரேயில் தெரிய வாரக்கணக்கில் ஆகலாம். ஆனால் எலும்பு தன்னைச் சரிசெய்ய ஆரம்பித்ததுமே மருந்து அங்கே குவியும். பாத எலும்புகள் பொடிசு. கேமராவிலிருந்து 10 செ.மீ. தள்ளினாலே 7, 8 மி.மீ. அளவுக்கு மங்கிவிடும். அதனால் காலை கேமராமேலேயே வைத்து, அசையாமல் டேப் ஒட்டுவோம். இன்னும் நுணுக்கம் வேண்டுமென்றால் பின்ஹோல் கோலிமேட்டர், அதாவது கேமரா முன்னால் மாட்டும் கவசம்: ஒற்றைத் துளை வழியாகப் பெரிதாக்கிக் காட்டும், நேரத்தைத் தின்னும். விரலை ஆட்டினால் எல்லாம் பாழ்.

செல்வி: மணிக்கட்டு வலிக்கு எழுதியிருக்கிறார்கள். கவனிக்க வேண்டியது?

ஊசி வலிக்காத கையில். நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருமுறை நான் அவசரத்தில் வலிக்கிற கையிலேயே போட்டேன். மருந்து கொஞ்சம் சதைக்குள் கசிந்து, படத்தில் அந்த இடமே விளக்குபோல் பளிச்சென்று எரிந்தது. மறுபடி வரச் சொன்னபோது அந்த அம்மா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

ரவி: கதிர்வீச்சு ஆபத்தா?

சுமார் 4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அளவு). இயற்கையிலிருந்தே வருஷத்துக்கு உலக சராசரி 2.4. மருந்தின் கதிரியக்கம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். நிறையத் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழியுங்கள். கர்ப்பம், தாய்ப்பால் என்றால் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கோபி: கதிர்வீச்சு உண்டா சார்?

ரவிக்குச் சொன்னதுதான்.

சந்தேகி: எம்.ஆர்.ஐ. இருக்க, இந்த மங்கல் படம் எதற்கு?

ஒரே இடத்தில் விரிசல் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ.தான் முதல், மறுக்கவில்லை. ஆனால் வலி எங்கே என்றே காட்டத் தெரியாதவருக்கு? இரண்டு காலிலும் வலிப்பவருக்கு?

சந்தேகி: எங்கோ எரிகிறது என்று மட்டும்தானே சொல்லும்?

அது அந்தக் காலம். ஸ்பெக்ட் சி.டி.யில், காமா கேமராவின் முப்பரிமாணப் படம், சி.டி. ஸ்கேன் படம் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பாதத்தின் 26 எலும்பில் எது என்று விரல் வைத்துக் காட்டலாம்.

சந்தேகி: சர்க்கரைப் புண்ணில்?

நல்ல கேள்வி, இதை முதலிலேயே கேட்டிருக்கலாம். எலும்பில் சீழா, சார்கோ பாதமா (நரம்பு கெட்டு பாத எலும்பும் மூட்டும் சிதைவது) என்று போன் ஸ்கேன் மட்டும் பிரித்துச் சொல்லாது, இரண்டுமே எரியும். வெள்ளையணுக்களில் மருந்து ஏற்றி எடுக்கும் ஸ்கேன் வேண்டும்.

மணி: கதிர்வீச்சு...

ரவி! அப்புறம், ஊசி வலிக்காத கையில்.