வெளிநாட்டு வணிகப் பயணத்துக்குப் பயண முகவர் தேவையா?

வெறும் டிக்கெட் எடுக்க மட்டும் தேவையில்லை. ஆனால் நீங்கள் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் நடக்கும் ‘ஹெய்ம்டெக்ஸ்டில்’ வீட்டு ஜவுளிக் கண்காட்சிக்குப் போகும் கரூர் ஜவுளி ஏற்றுமதியாளர் என்றால், விவரம் தெரிந்த முகவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண்காட்சி வாரத்தில் அங்கே ஓட்டல் வாடகை எகிறிவிடும். பக்கத்து நகரமான மைன்ஸில் தங்கி ரயிலில் போய்வரலாம் என்று சொல்லத் தெரிந்தவர் வேண்டும். ஜெர்மனி உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் போகத் தேவையான ஷெங்கன் விசாவுக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

முக்கியமானது இதுதான்: சென்னை–துபாய், துபாய்–பிராங்க்பர்ட் என்று தனித்தனி டிக்கெட் எடுத்தால் மலிவாகத் தெரியலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பாழ். ஒரே முன்பதிவில் இருந்தால், அடுத்த விமானத்தில் அனுப்பிவைப்பது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இதைக் கேட்காமலே சொல்பவர்தான் நல்ல முகவர். டிக்கெட்டில் உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள்.