சிக்னலில் நின்றால் மட்டும் சூடாகிறது!

கேள்வி: என் 2005 மாடல் பெட்ரோல் கார் பைபாஸில் 80-இல் போனாலும் சூடாவதில்லை. ஊருக்குள் சிக்னலில் பத்து நிமிஷம் நின்றால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிடுகிறது. ரேடியேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்பட்டு பர்ஸைத் திறக்காதீர்கள். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது அந்த வேலை ஃபேனுடையது. எனக்கு முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

வண்டியை நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, முள் பாதியைத் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். 'விர்ர்' சத்தம் வரவில்லையா? உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால், இன்ஜின் ஆறிய பிறகு ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுக்கச் சொல்லுங்கள். சுற்றினால் மோட்டார் நன்றாக இருக்கிறது. ஃபேனுக்குக் கரன்ட்டை இணைத்துவிடும் ரிலே, வயரிங் அல்லது சூடு ஏறியதும் ஃபேனை ஓடவைக்கும் தெர்மோ ஸ்விட்ச்தான் மக்கர். சுற்றாவிட்டால் மோட்டார் போய்விட்டது. பழைய வண்டியில், மோட்டாருக்குள் கரன்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்வது சகஜம்.

ஃபேன் ஒழுங்காகச் சுற்றியும் சூடானால், அப்புறம் ரேடியேட்டரைப் பார்க்கலாம். கூலன்ட்டுக்குப் பதில் வருஷக்கணக்கில் போர்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் உள்ளே உப்பு படிந்திருக்கும்.

ஒன்று மட்டும்: சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. தொழில் பழகிய முதல் வருஷம் நான் திறந்தேன். வலது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.